ஜெய்ன் தொப்பி: கோணலாகத் தெரியலாம், அளவு பிசகக் கூடாது

'ஃபயர்ஃப்ளை' என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடர் 2002-இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வந்தது. எடுத்தவை 14 பகுதிகள். அப்போது ஒளிபரப்பானவை 11 மட்டுமே. விடுபட்டவற்றில் ஒன்றான 'தி மெசேஜ்' பகுதியில்தான் இந்தத் தொப்பி வருகிறது. ஆடம் பால்ட்வின் நடித்த ஜெய்ன் காப், துப்பாக்கியும் கையுமாகத் திரியும் முரட்டுக் கூலிப்படை ஆள். அவனுக்கு அம்மா அனுப்பிய பார்சலில் ஆரஞ்சும் மஞ்சளுமாக, காது மடல்களும் உச்சியில் பூப்பந்தும் வைத்த உல்லன் தொப்பி ஒன்று இருக்கிறது. பார்த்தவுடன் கைவேலை என்று தெரிந்துவிடும். அதனாலேயே ஏனோதானோ என்று பின்னினாலும் பொருந்திவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. அந்தத் தொப்பியின் கோணல் எல்லாம் தோற்றத்தில்தான்; தலையில் அது சரியாகவே உட்காருகிறது. ஆகவே நம் கவனமும் அளவில்தான் இருக்க வேண்டும்.

மூலத் தொப்பி இரண்டு ஊசி கொண்டு போட்ட நிட்டிங், நாம் கொக்கி ஊசியால் பின்னப்போகும் குரோஷேயில் அது வருமா என்று கேட்பார்கள். நாலடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அடையாளம் நிறமும் மடலும் பூப்பந்தும்தான், ஸ்டிட்ச் அல்ல. ஆனால் இந்தக் கேள்வியில் ஓர் உண்மை உண்டு: குரோஷே துணி தடிமனானது, நிட்டிங் அளவுக்கு இழுபடாது. நிட்டிங்கில் இரண்டு சென்டிமீட்டர் பிசகினால் தொப்பியே சமாளித்துக்கொள்ளும், இதில் சமாளிக்காது. நிட்டிங் சாயல் கட்டாயம் வேண்டுமென்றால் ஹாஃப் டபுள் ஸ்டிட்சை, வழக்கமான மேல் வளையங்களில் போடாமல், அவற்றுக்குப் பின்னால் சற்றுக் கீழே கிடக்கும் மூன்றாம் வளையத்தில் போடுங்கள். மேல் வளையங்கள் முன்பக்கம் சாய்ந்து, சடைபோல வரிவரியாகத் தெரியும். (பிரிட்டிஷ் பேட்டர்னில் இதே ஸ்டிட்சுக்கு ஹாஃப் ட்ரெபிள் என்று பெயர், குழம்ப வேண்டாம்.)

நடுத்தரப் பருமன் உல்லன் நூலும் 5 மி.மீ. ஊசியும் எடுத்து, முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். நேர விரயம் என்று இதைத் தாண்டுகிறவர்கள் பிறகு முழுத் தொப்பியையும் பிரிக்க வேண்டிவரும். எது விரயம் என்று நீங்களே சொல்லுங்கள். துண்டில் 10 செ.மீ.க்கு 14 ஸ்டிட்ச் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்றால், நழுவாமல் பிடிக்கத் தொப்பி 52, 53 செ.மீ. இருந்தால் போதும். 53-ஐ 1.4 ஆல் பெருக்கினால் 74. எட்டெட்டாகக் கூட்டிப் பின்னப்போவதால் அதற்கு அருகில் 8-ஆல் வகுபடும் எண்ணான 72-ஐ எடுக்கிறோம்; சுற்றளவு ஏறத்தாழ 51.5 செ.மீ. வரும். சற்று இறுக்கம்தான், ஆனால் உல்லன் அந்த அளவுக்குக் கொடுக்கும்.

இனிக் கை தானாக ஓடும். ஆரஞ்சு நூலில் மேஜிக் ரிங் போட்டு 8 ஹாஃப் டபுள். ஒவ்வொரு சுற்றிலும் 8 கூட்டினால் 16, 24, 32 என்று போய் ஒன்பதாம் சுற்றில் 72 ஆகும். அங்கே வட்டத்தின் குறுக்களவு 16 முதல் 17 செ.மீ. இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். குறைந்தால் ஊசியைப் பெரிதாக்குங்கள், கூடினால் சிறிதாக்குங்கள். பிறகு கூட்டாமல் பின்னி, உச்சியிலிருந்து 13 செ.மீ. ஆனதும் மஞ்சளுக்கு மாறி 20 செ.மீ. வரை போங்கள். நிறம் மாற்றும்போது, பழைய நூலில் கடைசி ஸ்டிட்சை முடிக்கும் அந்த இறுதி இழுப்பைப் புது நூலால் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று மஞ்சளுக்குள் எட்டிப் பார்க்கும். சுற்று இணையும் இடம் பின்னந்தலைக்கு வரட்டும்.

பலருக்கும் பிசகுவது மடல்களில்தான். காது தலையின் நட்ட நடுவில் இல்லை, சற்றுப் பின்னால் இருக்கிறது. எனவே 72-ஐ நாலாகப் பங்கிடாதீர்கள். பின் நடுவிலிருந்து இருபுறமும் ஏழேழு ஸ்டிட்ச் விட்டு, மடலுக்குப் பதினாறு பதினாறு எடுத்தால் நெற்றிக்கு 26 மிஞ்சும். ஆரஞ்சு நூலில் இரண்டு வரிசை நேராகப் பின்னி, பின் வரிசைதோறும் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று குறைத்து 4 வந்ததும் முடித்துவிடலாம். இங்கே வரிசைக்கு வரிசை துணியைத் திருப்புவதால் மூன்றாம் வளையம் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். சாதாரண ஹாஃப் டபுளே போதும். பூப்பந்துக்கு நிறங்களைக் கலந்து 8 செ.மீ. அட்டையில் தடிமனாகச் சுற்றி, நடுவில் இறுகக் கட்டி, ஓரங்களை வெட்டுங்கள். ஒழுங்காகக் கத்தரிக்க வேண்டாம். கோணலுக்கு இடம் இதுதான்.

கடையில் கிடைக்கும்போது எதற்கு இத்தனை பாடு என்பவர்களுக்கு ஒன்று: அம்மா கையால் வந்த தொப்பி என்பதுதான் அந்தக் காட்சியே. ஆனால் பின்னி விற்பது வேறு விஷயம். உரிமம் பெற்ற தொப்பி சந்தைக்கு வந்த பிறகு, 2013-இல் எட்சி தளத்தில் இதை விற்ற கைவினைஞர்கள் பலருக்கு ஃபாக்ஸ் நோட்டீஸ் அனுப்பியது. உங்களுக்கும் நண்பர்களுக்கும் தாராளமாகப் பின்னுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால் உரிமம் யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.