இல்லத்திற்கேற்ற நாய்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் ஒரு நடுகல் உள்ளது. அது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, கி.பி. 7-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. எருமைகளைக் காக்க நிகழ்ந்த பூசலில் உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக அது நாட்டப்பட்டது. வீரனுடைய உருவத்தின் அருகே நாயின் உருவம் ஒன்றும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்பதும் கல்லெழுத்தால் விளங்குகின்றன. எத்தனையோ செல்வர்களின் பெயர்கள் மறைந்தொழிந்தன. ஒரு நாயின் பெயரோ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லில் நிலைபெற்று நிற்கின்றது.

தமிழர் நாயை நன்கறிந்திருந்தனர் என்பதற்கு அவர்தம் மொழியே சான்று. ஞமலி, ஞாளி, குக்கல், சுணங்கன் எனப் பல பெயர்கள் நாய்க்கு வழங்கின. நாயின் இளமைப் பெயர் குருளை என்பதைத் தொல்காப்பிய மரபியல் எடுத்துரைக்கின்றது. தன்னைப் பேணிய பாகனையே கொல்லும் யானையையும், எறிந்த வேல் உடலில் தைத்திருக்கவும் வால் குழைக்கும் நாயையும் ஒப்புநோக்கி, நாயனையார் நட்பே சிறந்தது என்பது நாலடியாரின் முடிபு.

கோவிவன் புகழ் பெற்றதற்கு அதன் நன்றியுணர்வு மட்டும் காரணமன்று. அது பிறந்த மண்ணுக்கும், அதனை வளர்த்தவனது தொழிலுக்கும், அதன் உடல் வலிமைக்கும் பொருத்தம் இருந்தது. எருமைக் கூட்டத்தோடு நாள் முழுதும் திரிந்து இரவில் காவல் காத்தல் அதற்கு இயல்பாக அமைந்த வேலை. அதே நாயை ஒரு சிறிய அறையில் சங்கிலியால் பிணித்திருந்தால், அதன் வீரம் வெறும் ஓலமாக முடிந்திருக்கும். நாயைத் தேர்ந்தெடுக்க விரும்புவோர் முதற்கண் எண்ணிப் பார்க்க வேண்டுவது இப்பொருத்தமேயாகும்.

இக்காலத்தில் நாய் பெரும்பாலும் நகரத்து வீட்டில் வாழ்கின்றது. புதுச்சேரி நகரத்தையே எடுத்துக் கொள்வோம். நகரின் நடுவே பெரிய வாய்க்கால் ஓடுகின்றது. அதன் கிழக்கே, கடலை அடுத்துள்ள பகுதியில், பிரெஞ்சுக்காரர் காலத்து மாளிகைகள் உயர்ந்த மதில்களும் தோட்டங்களும் உடையனவாய் நிற்கின்றன. மேற்கே தமிழர் வாழ்ந்த தெருக்களில் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக அமைந்துள்ளன. அவற்றுள் பல இன்று அடுக்கு வீடுகளாக மாறிவிட்டன. நகரத்தைக் கடந்து பாகூர்ப் பக்கம் சென்றால் ஏரியும் வயலும் தோப்பும் காணலாம். இம்மூவகை இடங்களுக்கும் ஒரே வகை நாய் பொருந்துமா? பொருந்தாது. ஒருவன் காலுக்கு அளவாகத் தைத்த செருப்பு மற்றொருவன் காலைக் கடித்தல் போல, ஓர் இல்லத்திற்கு இன்பம் தரும் நாய் மற்றோர் இல்லத்திற்குத் துன்பமாக முடியும்.

நாயினங்கள் பலவும் ஒவ்வொரு வேலைக்காகவே மக்களால் வளர்த்தெடுக்கப்பட்டவை. அவ்வேலை மறைந்த பின்னும் அதற்குரிய இயல்பு குருதியில் மறையாதிருக்கும். நம் தமிழகத்து இனங்களே இதற்குத் தக்க சான்றுகளாகும். விருதுநகர் மாவட்டத்து இராசபாளையம் நாய் வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. காட்டுப் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பயன்பட்டது. தன் தலைவனை அன்றிப் பிறரை எளிதில் நெருங்கவிடாதது. இவ்வினத்துக் குருளைகளுள் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதும் உண்டு. ஆதலால் வாங்குவோர் கைதட்டியேனும் ஒலியெழுப்பியேனும் சோதித்துப் பார்த்தல் நலம். அம்மாவட்டத்தைச் சார்ந்த சிப்பிப்பாறை நாய் ஒடுங்கிய வயிறும் நீண்ட கால்களும் வாய்ந்தது. முயலை விரட்டும் விரைவு மிக்கது. தென்மாவட்டங்களில் வளர்க்கப்படும் கன்னி நாயும் அத்தகையதே. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், தேனி மாவட்டத்திலுள்ள கோம்பை என்னும் ஊர் தந்த நாய் கட்டுறுதியான உடலும் கருநிற வாயும் கொண்டது. அஞ்சாமைக்குப் பெயர் பெற்றது. 2005-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இந்திய அஞ்சல் துறை நாயினங்கள் நான்கிற்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது, இராசபாளையமும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர், இந்நாய்கள் செய்து வந்த வேட்டைத் தொழிலுக்கு இடமில்லாது போயிற்று. ஆயினும் ஓடவேண்டும் என்னும் வேட்கை அவற்றைவிட்டு நீங்கவில்லை. பாகூர்ப் பக்கத்துத் தோப்பு வீட்டில், வேலியிட்ட பரந்த நிலத்தில், நாள்தோறும் ஓடியாட இடமளிப்போர்க்கு இவை கிடைத்தற்கரிய துணையாகும். நம் நாட்டு வெயிலையும் இவை தாங்கவல்லவை. ஆனால் மூன்றாம் மாடியில் இரண்டு அறை உடைய வீட்டில் சிப்பிப்பாறை நாயை அடைத்து வைத்தல், ஆற்று மீனைக் குடத்து நீரில் இட்டு வளர்ப்பதை ஒக்கும்.

அயல்நாட்டு இனங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். அல்சேசன் எனப் பலரும் அழைக்கும் நாய் செருமானிய நாட்டில் ஆடு மேய்க்க வளர்க்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின், பகைநாட்டுப் பெயரைச் சொல்ல விரும்பாத ஆங்கிலேயர், பிரெஞ்சு நாட்டு எல்லையிலுள்ள அல்சாசு என்னும் பகுதியின் பெயரை அதற்கு இட்டனர். அறிவுக் கூர்மை மிக்க அந்நாய்க்கு நாள்தோறும் வேலையும் பயிற்சியும் வேண்டும். அவை இல்லையேல் அதன் அறிவே குறும்பாக மாறி, கதவையும் கட்டிலையும் கடித்துச் சிதைக்கும். லாப்ரடார் நாயின் முன்னோர், கனடாவைச் சார்ந்த நியூபவுண்டுலாந்துத் தீவில் மீனவர்க்கு உதவியாக இருந்தவை. குளிர்நீரில் நீந்தி வலைகளை இழுத்து வந்தவை. குழந்தைகளோடு இனிது பழகும் இயல்பு அதற்கு உண்டு. ஆயினும் உணவில் பெருவிருப்பம் உடையதாதலின், நடைப்பயிற்சி இல்லாவிடில் விரைவில் உடல் பருத்து நோயுறும். பாமரேனியன் உருவத்தில் சிறியது; சிறிய வீட்டிற்கும் ஏற்றது. எனினும் சிற்றொலி கேட்பினும் ஓயாது குரைக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் வாழ்வோர் அதனை வாங்குமுன், அண்டை வீட்டாரின் உறக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் கடமையாகும்.

புதுச்சேரியில் வாழ்வோர் சிறப்பாகக் கருத வேண்டுவது தட்பவெப்பம். மனிதனுக்கு உடலெங்கும் வியர்வை சுரந்து வெப்பம் தணிகின்றது. நாய்க்கோ பாதங்களில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். அது நாவை நீட்டி விரைந்து மூச்சு வாங்கும். வாயிலும் நாவிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடல் வெப்பம் குறையும். காற்று உலர்ந்திருந்தால் ஈரம் விரைவில் ஆவியாகும். கடற்கரை நகரின் காற்றிலோ நீராவி நிறைந்துள்ளது. ஆதலின் நாய் எவ்வளவு மூச்சு வாங்கினும் வெப்பம் எளிதில் தணிவதில்லை. சைபீரியப் பனியில் சறுக்கு வண்டி இழுத்த அசுக்கி நாயும், ஆல்ப்சு மலைக் கணவாயில் துறவியர் வளர்த்த செயின்ட் பெர்னார்டு நாயும் அடர்ந்த மயிர்ப் போர்வையைச் சுமந்துகொண்டு இந்நகரத்துக் கத்திரி வெயிலில் படும் துன்பம் சொல்லுந்தரமன்று. தட்டையான மூக்குடைய நாய்களின் நிலையும் இரங்கத்தக்கது. பக் என்னும் சீன நாட்டுச் சிறுநாய், அரண்மனை மகளிரின் மடியில் வளர்ந்த இனம். அதன் மூச்சுக்குழல் இயல்பாகவே குறுகியது. 2003-ஆம் ஆண்டளவில் கைப்பேசி நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தில் இந்நாய், ஒரு சிறுவன் செல்லுமிடமெல்லாம் பின்தொடர்ந்து சென்றது. அவ்விளம்பரத்தைக் கண்டு மகிழ்ந்து நாடெங்கும் பலர் அந்நாயை வாங்கினர். அது மூச்சுவிடத் திணறும் என்பதை விளம்பரம் கூறவில்லை, வாங்கியோரும் வினவவில்லை.

இனத்தின் இயல்பை அறிந்த பின்னர், இல்லத்தின் இயல்பை ஆராய்தல் வேண்டும். வீட்டில் நாய் உலவ இடம் எவ்வளவு? நாள்தோறும் காலையும் மாலையும் அதனை நடத்திச் செல்பவர் யார்? பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்குமா? கைக்குழந்தையோ முதியோரோ உள்ளனரா? உணவு, தடுப்பூசி, மருத்துவம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவைக் குடும்பம் தாங்குமா? வெளியூர் செல்லும் நாட்களில் அதனைப் பேணுவார் உளரா? இவ்வினாக்களுக்கு ஆசையால் அன்றி உண்மையால் விடை கூறல் வேண்டும். நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை வாழும் உயிர். இன்று குருளையைக் கேட்டு அடம்பிடிக்கும் பத்து வயதுச் சிறுவன், அந்நாய் முதுமை எய்துங்கால் கல்லூரி முடித்து வேற்றூரில் வேலை பார்த்துக்கொண்டிருப்பான். அப்போது அதன் கண்பார்வை மங்கும், நடை தளரும். அந்நாளிலும் அதனைப் பேணும் கடன் இக்குடும்பத்தினுடையதே.

முத்தியாலுப்பேட்டையில் ஒரு வீட்டை உள்ளத்தால் நினைத்துப் பார்க்கலாம். குறுகிய தெரு, சிறிய முற்றம், கணவனும் மனைவியும் பணிக்குச் செல்வர், பாட்டியும் பள்ளிச் சிறுமி ஒருத்தியும் வீட்டில் இருப்பர். இவர்கள் பெரிய அல்சேசன் நாயை வாங்கினால் என்ன நேரும்? அது மகிழ்ச்சியால் தாவினாலும் பாட்டி நிலைகுலைந்து வீழ்வாள். சிறுமியால் அதன் கயிற்றைப் பிடித்து நிறுத்த இயலாது. சில திங்களில் நாய் தூணில் கட்டப்படும். கட்டிய நாய் சினம் கொள்ளும். சினத்தால் ஒருநாள் கடிக்கும். பின்னர் ஓரிரவு, ஊருக்கு வெளியே அதனைக் கொண்டுபோய் விட்டுவிடும் எண்ணம் எழும். தெருவில் வாழ்ந்தறியாத நாய் அங்கே ஒவ்வோர் ஊர்தியையும் தன் தலைவனுடையது எனக் கருதி ஓடும். தேர்ந்தெடுத்தவர் செய்த பிழை. தண்டனையோ தேர்ந்தெடுக்கப்பட்ட உயிர்க்கு.

அவ்வீட்டிற்கு ஏற்ற நாய் எது? பெரும்பாலும் அது அத்தெருவிலேயே பிறந்திருக்கும். பெயர் பெற்ற இனத்தைச் சாராத நம் நாட்டு நாயைப் பலர் இழிவாக எண்ணுகின்றனர். ஆராய்ந்து பார்ப்பின் அதன் சிறப்பு புலனாகும். அது நடுத்தர உருவம் உடையது, குறுமயிர் போர்த்தது, வெயிலுக்கும் மழைக்கும் பழகியது, எளிய உணவைச் செரிக்க வல்லது. குறிப்பிட்ட தோற்றத்துக்காக நெருங்கிய உறவில் கலந்து வளர்க்கப்படாமையின், பிறவி நோய்களும் அதற்குக் குறைவு. தாய்ப்பால் மறந்த எட்டு வாரக் குருளையை எடுத்து அன்போடு பழக்கினால், விலைகொடுத்து வாங்கிய எந்த நாய்க்கும் அது அறிவிலோ அன்பிலோ குறைந்ததன்று.

எந்நாயாயினும் தடுப்பூசி இன்றியமையாதது. வெறிநோய் தோன்றியபின் அதிலிருந்து பிழைத்தல் மிக அரிது. கடிபட்டவுடன் தடுத்தலோ எளிது. பிரெஞ்சு அறிஞர் லூயி பாசுடர் 1885-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனான யோசேப்பு மெய்சுதருக்குத் தம் மருந்தை முதன்முதல் செலுத்திக் காத்தார். அச்சிறுவன் மேற்கூறிய அல்சாசுப் பகுதியைச் சார்ந்தவன். பாசுடரின் பெயர் தாங்கிய நிலையம் ஒன்று 1907-ஆம் ஆண்டு நம் குன்னூரிலும் நிறுவப்பட்டது. நாய் கடித்தால் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். வளர்க்கும் நாய்க்கு மூன்றாம் திங்களில் வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, பின்னர் மருத்துவர் கூறும் காலங்களில் தவறாது இட்டு வருதல் கடமை. புதுச்சேரி மக்களுக்குக் குரும்பாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனமே உள்ளது. நாயை வாங்கிய பின் அங்குச் செல்வோர் பலர். வாங்குமுன் கால்நடை மருத்துவர் ஒருவரை அணுகி அறிவுரை கேட்போர் சிலரே. அச்சிலருடைய வழியே அறிவுடைய வழி.

1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், எப்போதும் கட்டியே வைத்த நாய்க்கு உரிய நடமாட்டம் அளிக்கத் தவறுதலையும், தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுதலையும் குற்றம் எனக் கூறுகின்றது. ஆயினும் சட்டத்திற்கு அஞ்சிச் செய்யும் அருளைவிட, முன்னரே சிந்தித்துச் செய்யும் தேர்வு மேலானது. மனிதன் நாயைத் தேர்ந்தெடுக்கலாம், விலை பேசலாம், வேண்டா என்று விலக்கவும் செய்யலாம். நாய்க்கு அவ்வுரிமை எதுவும் இல்லை. எவர் கையில் கொடுக்கப்பட்டதோ அவரையே அது தலைவராகக் கொள்கின்றது. அவர் இல்லத்தையே உலகாகக் கொள்கின்றது.

எடுத்தனூரில் கோவிவனுக்குக் கல் எடுத்தவர்கள் தம் நாயின் தகுதியை அறிந்தவர்கள். இன்று நாய்க்குக் கல் நாட்ட வேண்டுவதில்லை. அதன் இயல்பையும் தம் இல்லத்தின் இயல்பையும் ஒருங்கே எண்ணிப் பார்த்து, இரண்டும் பொருந்தும் எனின் ஏற்றல் வேண்டும். பொருந்தா எனின் ஆசையை அடக்கி விலகுதல் வேண்டும். விலகுதலும் அந்நாய்க்குச் செய்யும் அருளே.