ஊர்ப்பெயர்த் தரவுக்கோப்பும் பைத்தான் நிரலும்: ‘எம். புதுப்பட்டி’யை முன்வைத்து

புதுப்பட்டி என்னும் பெயர் தமிழகத்தில் பல ஊர்களுக்கு வழங்குகின்றது. விருதுநகர் மாவட்டத்திலேயே சிவகாசிப் பகுதியில் எம். புதுப்பட்டியும் வத்திராயிருப்பை அடுத்து வ. புதுப்பட்டிப் பேரூராட்சியும் உள்ளன. இவற்றை வேறுபடுத்துவது முன்னெழுத்து ஒன்றே. திரட்டிய பெயர்களை அட்டவணைக் கோப்பாக்கிப் பைத்தான் மொழியில் எண்ணத் தொடங்கும் ஊர்ப்பெயராய்வாளருக்கு முதல் இடர்ப்பாடும் இம்முன்னெழுத்தால்தான் நேர்கின்றது.

களக்குறிப்பில் ‘எம். புதுப்பட்டி’, ‘எம்.புதுப்பட்டி’, ‘ம.புதுப்பட்டி’ என மூன்று வடிவங்கள் இடம்பெறின், நிரல் அவற்றை மூன்று ஊர்களாகவே கொள்ளும். புள்ளியை அடுத்த ஓர் இடைவெளிகூட அதற்கு வேறுபாடே. இதனைச் சீர்செய்வதாகக் கருதி முன்னெழுத்துகளை நீக்கிவிடின், வெவ்வேறு ஊர்கள் ஒன்றாகிவிடும். இவ்விரண்டனுள் பின்னதே கொடிய பிழை. மிகைக்கணக்கு பட்டியலைப் பார்த்த அளவில் புலப்படும். மறைந்த ஊர் புலப்படாது. பட்டாசுத் தொழிற்பகுதியின் விபத்துப் பதிவுகளை ஊர்வாரியாகத் தொகுப்போர்க்கும் இது பொருந்தும். எனவே களத்தில் கிடைத்த வடிவத்தை ஒரு நெடுவரிசையில் மாற்றாது வைத்து, முன்னெழுத்து, பெயர், வட்டம் ஆகியவற்றைத் தனித்தனி நெடுவரிசைகளில் அமைத்தல் வேண்டும். ‘எம்’ என்பது ஆங்கில எழுத்தின் ஒலிப்பு, ‘வ’ தமிழெழுத்து. இவ்வேறுபாடும் ஆய்வுக்குரிய தரவே என்பதால் மூலவடிவத்தை அழித்தல் தகாது.

கோப்பைச் சேமிக்கும் முறையிலும் கவனம் தேவை. எக்செல்லில் வெறும் சிஎஸ்வி எனச் சேமித்தால் தமிழெழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்; அக்கோப்பிலிருந்து அவற்றை மீட்க இயலாது. யூடிஎஃப்-8 சிஎஸ்வி எனத் தேர்ந்து சேமித்தால் தமிழ் நிலைக்கும். ஆயினும் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குப் புலனாகாத குறி ஒன்று சேர்கின்றது. யூடிஎஃப்-8 எனமட்டும் குறித்துத் திறந்தால் அது முதல் நெடுவரிசையின் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். ‘ஊர்ப்பெயர்’ என்னும் தலைப்பே இல்லையென நிரல் பிழை காட்டும். குறியாக்கத்தை ‘யூடிஎஃப்-8-சிக்’ எனக் குறித்துத் திறப்பின் இவ்விடர் நீங்கும்.

எஸ். கொடிக்குளம் என்பதன் ‘கொ’ வேறொரு சிக்கலைக் காட்டுகின்றது. ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாலும் உள்ளிடலாம். எகரக்குறி, கால் என இரண்டாலும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றே, நிரலுக்கு வேறுவேறு. ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியைக் கொண்டு பெயர்கள் அனைத்தையும் என்எஃப்சி வடிவத்திற்கு மாற்றிய பின்னரே ஒப்பிடுதல் முறை.

நிரலின் எண்ணிக்கை தமிழ் எழுத்தெண்ணிக்கை அன்று. ‘புதுப்பட்டி’யில் ஆறு எழுத்துகள், பைத்தான் தருவது 11. உயிர்க்குறியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகின்றது. அகரவரிசையாக்கமும் இத்தகையதே. யூனிகோடு வரிசையில் ளகரம் ழகரத்திற்கும், றகரம் லகரத்திற்கும், னகரம் பகரத்திற்கும் முன் நிற்கின்றன. ஆதலின் விளாம்பட்டி முந்தி விழுப்பனூர் பிந்தும். நெடுங்கணக்கின்படி விழுப்பனூரே முந்தவேண்டும். ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்னும் மரபுவரிசைக்கேற்ப ஒவ்வோர் எழுத்துக்கும் எண் கொடுத்து, அதனை வரிசையாக்கச் செயற்கூற்றுக்குத் திறவுகோலாகத் தருதல் வேண்டும். சில வரிகளில் அமையும் இச்செயற்கூற்றை ஒருமுறை எழுதி வைத்தால் பின்வரும் பட்டியல்கள் அனைத்திற்கும் பயன்படும்.