வன்தட்டு, ஒளிவட்டு, எஸ்.எஸ்.டி.: எதை எதற்குத் தேர்வது?

கணினிக் கோப்புகளைச் சேமித்து வைக்க இன்று முக்கியமாக மூன்று வகைக் கருவிகள் புழக்கத்தில் உள்ளன: காந்தப்பூச்சு கொண்ட தட்டைச் சுழற்றி எழுதும் வன்தட்டு, லேசர் ஒளியால் படிக்கப்படும் ஒளிவட்டு, அசையும் உறுப்பு ஏதுமின்றிச் சிலிக்கன் சில்லுக்குள்ளேயே மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திண்மநிலைச் சேமிப்பகம். கடைகளில் எஸ்.எஸ்.டி. என்று கேட்டு வாங்கப்படுவது இந்த மூன்றாவது வகையே. பென் டிரைவும் கைப்பேசியின் மெமரி கார்டும் அதே இனத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் எது சிறந்தது என்ற வினாவுக்குப் பெரும்பாலும் வேகத்தையும் விலையையும் மட்டும் வைத்தே விடை சொல்லப்படுகிறது. ஆனால் தகவல் எந்தப் பொருளில் எவ்வாறு தங்குகிறது என்பதுதான் ஒரு கருவியின் வலிமையையும் அது பழுதாகும் விதத்தையும் தீர்மானிக்கிறது என்பதால், தேர்வும் அங்கிருந்தே தொடங்குவது முறை.

வன்தட்டின் வரலாறு 1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியிலிருந்து தொடங்குகிறது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்ட அதன் சேமிப்பகம் 50 லட்சம் எழுத்துகளை மட்டுமே தாங்கியது. இன்று 20 டெராபைட்டைத் தாண்டிய வன்தட்டுகள் உள்ளங்கையில் அடங்குகின்றன என்றாலும் அடிப்படை மாறவில்லை. தட்டின் மேலுள்ள நுண்ணிய காந்தத் துகள்கள் எத்திசையில் காந்தமாக்கப்பட்டுள்ளன என்பதே தகவல். அதைப் படிக்கும் முனை, தட்டு சுழல்வதால் எழும் மெல்லிய காற்றுப் படலத்தின் மீது, சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல் மிதக்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு என்பதை நினைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டைத் தட்டுவதும் நகர்த்துவதும் ஏன் ஆபத்து என்பது விளங்கும். காற்று நெருக்கம் குறைந்த இடங்களில் முனை மிதப்பது கடினமாதலால், வழக்கமான வன்தட்டுகளைச் சுமார் 3,000 மீட்டர் உயரம் வரைதான் இயக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் வரம்பிடுகின்றனர். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிவிநாடி எடுக்கிறது. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரும்வரை சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். முனை பக்கவாட்டில் நகரும் நேரமும் அதனுடன் சேரும். எஸ்.எஸ்.டி.யோ ஏறத்தாழ 0.1 மில்லிவிநாடியில், பல வேளைகளில் அதற்கும் முன்பே, விடை தந்துவிடுகிறது. பழைய மடிக்கணினியில் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தியதும் அது புதிதுபோல இயங்குவதற்கு இந்தக் காத்திருப்பு நீங்குவதே காரணம்.

திண்மநிலை என்ற சொல் முதலில் வெற்றிடக் குழாய்களிலிருந்து பிரித்துக் காட்டவே வழங்கியது. குழாய்க்குள் வெற்றிடத்தில் பாய்ந்த எலக்ட்ரான்களைத் திடப்பொருளுக்குள்ளேயே கட்டுப்படுத்த முடியும் என்பதை 1947-இல் பெல் ஆய்வகத்தில் உருவான டிரான்சிஸ்டர் நிறுவியது. அதே ஆய்வகத்தில் 1967-இல் டாவோன் காங், சைமன் சே ஆகிய இருவரும் மின்கடத்தாப் பொருளால் முழுவதும் சூழப்பட்ட 'மிதக்கும் வாயில்' என்னும் அமைப்பை முன்வைத்தனர். அதன் வழியே 1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோகா ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கினார். சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் மின்சாரம் நின்ற பின்னும் வெளியேற வழியின்றித் தங்கிவிடுவதே இதன் தத்துவம்.

இந்தச் சிறையின் சுவர் நிரந்தரமானதன்று என்பது விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை. எழுதும்போதும் அழிக்கும்போதும் எலக்ட்ரான்கள் அந்த மெல்லிய சுவரை ஊடுருவிச் செல்வதால் அது படிப்படியாக நைந்துபோகிறது. ஒரு நினைவக அறையில் எத்தனை மின்னூட்ட நிலைகளைப் பிரித்தறிய வேண்டும் என்பதும் ஆயுளைப் பாதிக்கிறது: அறைக்கு மூன்று பிட் சேமிக்கும் டி.எல்.சி. வகை எட்டு நிலைகளையும், நான்கு பிட் சேமிக்கும் கியூ.எல்.சி. வகை பதினாறு நிலைகளையும் பிரித்துணர வேண்டியிருப்பதால், பின்னது மலிவாகக் கிடைத்தாலும் விரைவில் தேய்கிறது. ஆகவே வாங்குவோர் கொள்ளளவோடு டி.பி.டபிள்யூ. என்ற எண்ணையும், அதாவது உத்தரவாதக் காலத்தில் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற வரம்பையும், விவரக் குறிப்பில் பார்ப்பது அவசியம். 600 டெராபைட் வரம்புள்ள ஒரு கருவியில் நாள்தோறும் 50 கிகாபைட் எழுதினாலும் அந்த வரம்பை எட்ட 30 ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதால், வீட்டுப் பயனாளர் தேய்மானத்தை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. அவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. குறைக்கடத்தித் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு, தன் எழுத்து வரம்பு முழுவதையும் பயன்படுத்தி முடித்த சாதாரண எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்றே விதித்துள்ளது. அதிகம் எழுதப்படாத கருவி இதைவிட நெடுங்காலம் தாங்கும் என்றாலும், வெப்பம் கூடக் கூட மின்னூட்டக் கசிவும் கூடும். கோடையில் அறை வெப்பம் 30 பாகையை எளிதில் தாண்டும் ஊர்களில் எஸ்.எஸ்.டி.யையோ பென் டிரைவையோ அலமாரியில் வைத்துப் பல ஆண்டுகள் மறந்துவிடுவது சரியன்று. அசையும் உறுப்பு இல்லாமை அன்றாட உழைப்புக்குத் துணை நிற்கிறதே தவிர, நெடிய உறக்கத்துக்கு அன்று.

அந்த உறக்கத்துக்கு ஏற்றது ஒளிவட்டுதான் என்ற கருத்தில் பாதி உண்மை இருக்கிறது. 1982-இல் சந்தைக்கு வந்த குறுவட்டு 780 நானோமீட்டர் அலைநீள ஒளியையும், பின்வந்த டிவிடி 650 நானோமீட்டர் ஒளியையும், புளூ-ரே 405 நானோமீட்டர் ஊதா ஒளியையும் பயன்படுத்துகின்றன. அலைநீளம் குறையக் குறைய ஒளிப்புள்ளி சிறுத்து, அதே 12 சென்டிமீட்டர் வட்டில் கூடுதல் தகவல் அடங்குகிறது. ஆலையில் அச்சிட்ட திரைப்பட வட்டில் தகவல் பிளாஸ்டிக்கில் பதிந்த குழிகளாக இருக்க, வீட்டில் எழுதப்படும் குறுவட்டிலும் டிவிடியிலும் அது பெரும்பாலும் கரிமச் சாயத்தின் நிறமாற்றமாகவே இருக்கிறது. வெயிலும் ஈரமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் படலத்தில் பதியும் எம்-டிஸ்க் வகை இக்குறையைத் தவிர்க்கவே வந்தது. குறுவட்டில் தகவல் படலம் பெயர் எழுதும் பக்கத்தின் மெல்லிய பூச்சுக்கு நேர் கீழே இருப்பதால் அப்பக்கத்தில் பந்துமுனைப் பேனாவால் எழுதவே கூடாது; டிவிடியில் அது இரு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பாதுகாப்பாக இருக்கிறது. எனினும் ஒரு டெராபைட்டைப் பதிய 4.7 கிகாபைட் டிவிடிகள் 200-க்கு மேல் தேவைப்படும். 25 கிகாபைட் புளூ-ரே வட்டுகள் என்றாலும் 40 வேண்டும். புதிய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் வட்டைப் படிக்கும் கருவியே இல்லை. சோனி நிறுவனமும் 2025 பிப்ரவரியில் பதிவு செய்யத்தக்க புளூ-ரே வட்டுகளின் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. வட்டு நலமாக இருந்தும் அதைப் படிக்கும் கருவி கிடைக்காமல் போகும் நிலையை இன்றே கணக்கில் கொள்ள வேண்டும்.

இவற்றை வைத்துப் பார்த்தால், இயங்குதளமும் அன்றாட வேலையும் எஸ்.எஸ்.டி.யில் இருப்பதே பொருத்தம். பையில் வைத்து ஊர் ஊராகக் கொண்டு செல்வதற்கும் அதுவே. கண்காணிப்பு கேமராப் பதிவு போல இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கும், பல டெராபைட் காணொளிகளைச் சேர்த்து வைப்பதற்கும், ஒரு டெராபைட்டுக்கு ஆகும் செலவு மிகக் குறைவான வன்தட்டே ஏற்றது. ஆனால் ஓட்டுக்கூரைபோல ஒரு தடத்தின் மேல் மற்றொரு தடம் பாதி படியுமாறு எழுதும் எஸ்.எம்.ஆர். வகை வன்தட்டு, ஒருமுறை எழுதி வைக்கத்தான் உகந்தது. அடிக்கடி மாற்றி எழுத நேர்ந்தால் மந்தமாகிவிடும்.

குடும்பப் படங்களின், அலுவலகக் கணக்குகளின் ஒரே பிரதியை இம்மூன்றில் எதில் வைத்தாலும் அது பெரும் பிழை. மூன்று பிரதிகள், அவற்றுக்கு இருவகைக் கருவிகள், ஒரு பிரதி வேறோர் இடத்தில் என்ற முறைதான் பாதுகாப்பு. மிக முக்கியமான கோப்புகளுக்கு, கணினியில் உள்ள பிரதியோடு வெளிப்புற வன்தட்டொன்றும், வேறோர் இடத்தில் வைக்கும் எம்-டிஸ்க் வட்டும் இதற்குப் போதும். பழுதாகும் வன்தட்டு பெரும்பாலும் விநோத ஒலியாலோ வேகக் குறைவாலோ முன்னறிவிப்புத் தருவதோடு, தட்டில் எஞ்சியதை ஆய்வகத்தில் மீட்கவும் பல வேளைகளில் முடிகிறது. எஸ்.எஸ்.டி. எச்சரிக்கையின்றி நின்றுவிடக் கூடும். நீக்கிய கோப்புகளின் இடத்தை டிரிம் கட்டளை பின்னணியில் காலி செய்துவிடுவதால் மீட்பும் அரிது. ஆனால் அதைப் பிறருக்கு விற்கும்போது நிலைமை வேறு: தேய்மானத்தைப் பரப்புவதற்காக எழுதும் இடத்தைக் கருவியே மாற்றிக்கொண்டிருப்பதால், வன்தட்டில் செய்வதுபோல மேலெழுதினால் பழைய தகவல் எங்கேனும் தங்கியிருக்கக் கூடும். ஆகவே தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பான அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்திய பின்னரே அதைக் கைமாற்ற வேண்டும்.