தெளிப்புப் பாசனத்தில் ஜலம் சமமாய்ப் பரவும் வழி

கிணற்று ஜலத்தை நம்பித் தோட்டப் பயிர் செய்யும் குடியானவர்களுக்குக் கோடையில் ஒவ்வொரு குடம் ஜலமும் பொன்னுக்குச் சமானம். அத்தகைய ஜலத்தைத் தெளிப்பான்கள் மூலமாய்ப் பாய்ச்சுகையில், நிலத்தின் ஒரு பாகம் சேறாயும் மற்றொரு பாகம் வாடியும் நிற்பதைப் பலர் கண்டிருக்கலாம். வாடிய பாகத்தைக் காக்கும் பொருட்டு மோட்டாரை அதிக நேரம் ஓட்டுவது வழக்கம். இதனால் முன்னரே நனைந்த பாகத்தில் ஜலம் வேருக்குக் கீழே இறங்கி வீணாவதுடன், இட்ட எருவின் சத்தையும் கரைத்துக்கொண்டு போகின்றது. குறை ஓட்டும் நேரத்தில் இல்லை. ஜலம் பரவும் விதத்திலேயே உள்ளது.

பரீக்ஷை செய்யும் முறை

இக்குறையைக் கண்ணால் மட்டும் மதிப்பிடுதல் போதாது. 40 அடிக்கு ஒன்றாகத் தெளிப்பான்கள் நிற்கும் நிலத்தில், நான்கு தெளிப்பான்களுக்கு இடைப்பட்ட ஒரு சதுரத்தைத் தெரிந்துகொள்க. நேரான பக்கங்களையுடைய ஒரே அளவான 16 தகர டப்பாக்களை, வரிசைக்கு நான்காக, 10 அடிக்கு ஒன்று வீதம் அதில் வைக்கவேண்டும். ஓரத்து டப்பாக்கள் தெளிப்பான் வரிசைக்கு 5 அடி உள்ளே இருத்தல் வேண்டும். காற்றில்லாத காலை வேளையில், அச்சதுரத்தில் ஜலம் விழச்செய்யும் தெளிப்பான்கள் யாவற்றையும் அரைமணி நேரம் ஒருங்கே ஓட்டி, டப்பாக்களில் நிற்கும் ஜலத்தின் ஆழத்தை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்க.

உதாரணமாக, நான்கு டப்பாக்களில் 10 மில்லிமீட்டரும், நான்கில் 9-ம், நான்கில் 8-ம், நான்கில் 5-ம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 128, சராசரி 8. ஒவ்வொரு டப்பாவும் சராசரியினின்று கூடியோ குறைந்தோ வேறுபடும் அளவுகளின் கூட்டுத்தொகை 24. இது 128-ல் நூற்றுக்கு 18¾ பங்கு. இதை 100-லிருந்து கழிக்க, 81¼ வருகிறது. இக்கணக்கு முறையை 1942-ஆம் ஆண்டில் காலிபோர்னியாவில் கிறிஸ்டியன்சன் என்பார் வெளியிட்டார். இவ்வெண் 84-க்குக் குறையாதிருத்தல் நலம்.

இதனால் நேரும் நஷ்டம் யாதெனில், பயிருக்கு 10 மில்லிமீட்டர் ஜலம் தேவையாயின், 5 மில்லிமீட்டரே பெற்ற இடத்திற்காக ஒரு மணி நேரம் ஓட்டவேண்டும். அப்போது நிலத்தின் சராசரி 16 ஆகும். மிகுதியான 6 மில்லிமீட்டர், ஏக்கர் ஒன்றுக்குச் சுமார் 24,000 லிட்டர் ஜலமாகும்!

கவனிக்க வேண்டியவை

1. ஒரு தெளிப்பானின் ஜலம் அடுத்த தெளிப்பானின் அடிவரை எட்டவேண்டும். அதாவது நனையும் வட்டத்தின் குறுக்களவில் பாதியே இடைவெளியாதல் உத்தமம்.

2. குழாயின் அழுத்தம் குறைந்தால் பெருந்துளிகள் ஒரு வளையம்போல் தூரத்தில் விழுந்து, நடுவிடம் காயும். மிகுந்தால் ஜலம் பனிபோலாகிக் காற்றில் போகும். மேட்டு நிலத்தில் ஒவ்வொரு 33 அடி உயரத்திற்கும், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் அழுத்தம் குறையும்.

3. ஒரே பகுதியில் வெவ்வேறு அளவான துவாரமுள்ள தெளிப்பான்களைக் கலத்தல் கூடாது. தேய்ந்தவற்றை மாற்றுக.

4. வரப்போரத்தில் அரைவட்டமாய்ச் சுழலும் தெளிப்பான், அதே துவாரத்துடன் ஓடினால் அதன் பரப்பில் இருமடங்கு ஜலம் கொட்டும். அதற்குப் பாதி ஜலம் தரும் துவாரமே பொருந்தும்.

5. தெளிப்பானைத் தாங்கும் குழாய் செங்குத்தாய் நிற்கவேண்டும். காற்று வீசும் வேளையில் பாய்ச்சலாகாது.

இவற்றுள் ஒவ்வொரு குறையாகத் திருத்தி, மீண்டும் டப்பாக்களை வைத்துப் பார்த்தால், எதனால் எவ்வளவு அனுகூலம் விளைந்தது என்பது தானே விளங்கும். செலவோ சில பழைய டப்பாக்களும் ஒரு காலைப் பொழுதுமே. கிணற்றை ஆழப்படுத்தப் பணம் தேடும் முன்னர், உள்ள ஜலம் ஒழுங்காய்ப் பரவுகின்றதா என்று பார்ப்பது ஒவ்வொரு குடியானவருக்கும் கடமையாகும்.