மூலையில் இருப்பவரும் வாய் திறக்கட்டும்



உங்கள் வட்டாரத்துச் செபக்கூட்டத்தைச் சற்று மனக்கண் முன் கொண்டு வாருங்கள். மாலை ஆறரை மணி. ஒரு வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, மாதா சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றியாயிற்று. பதினைந்து பேர் வந்திருக்கிறார்கள. வேதாகமம் வாசிக்கப்படுகின்றது. “இதைப் பற்றி ஆராவது ஏதாவது சொல்லுங்கோ” என்று தலைவர் கேட்கிறார். இளைப்பாறிய ஆசிரியர் தொண்டையைச் செருமுகிறார். அவர் முடித்ததும் சபையின் செயலாளர் அதற்குப் பதில் சொல்கிறார். இருவரும் சொன்னது போதாதென்று தலைவரும் ஒரு சிறு பிரசங்கம் வைக்கிறார். அதற்குள் தேத்தண்ணீர் வந்துவிடுகின்றது.

குசினி வாசலோடு சுவரில் சாய்ந்திருந்த அம்மா, செபமாலைக்கும் பாட்டுக்கும் மட்டுமே வாய் திறந்தார். என்றோ ஒரு நாள் தலைவர் அவர் பக்கம் திரும்பி, “அக்கா, நீங்களும் ஏதாவது சொல்லுங்கோவன்” என்று கேட்டதுண்டு. “எனக்கு என்ன தம்பி தெரியும்? படிச்ச ஆக்கள் நீங்கள் சொல்லுங்கோ” என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் சிரித்தார்கள், அன்பான சிரிப்புத்தான். ஆனால் அதன்பின் அவரை ஒருவரும் கேட்கவில்லை. சில மாதங்களில் அவர் வருவதும் நின்றுபோனது. அவர் வராததைக் கூட்டம் அறிந்துகொள்ளவே இன்னும் சில மாதங்கள் பிடித்தன. “அந்த வீட்டுக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சு” என்று சொல்லவும் அதே மூவர்தான் இருந்தார்கள்.

இப்படி ஒரு அம்மா எல்லாப் பங்குகளிலும் இருக்கிறார். இக்கட்டுரையில் அவரைப் பற்றிச் சொல்வதிலும் பார்க்க, அந்த மூவருக்குச் சொல்ல வேண்டியதே அதிகம். கோபிக்க வேண்டாம், இதை எழுதுபவனும் அந்த மூவர் இனத்தைச் சேர்ந்தவனே.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். மௌனம் ஒரு குற்றமன்று. பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1928ஆம் ஆண்டிலேயே, மக்கள் திருவழிபாட்டில் அந்நியரைப் போலவும் ஊமைப் பார்வையாளரைப் போலவும் நிற்கலாகாது என்னும் கருத்தை எழுதினார். பீடத்தில் குருவானவர் இலத்தீனில் பூசை செய்ய, கீழே நம் பாட்டிமார் தம் பாட்டில் செபமாலை உருட்டிய காலம் அது. பின்னர் 1963 டிசம்பர் 4ஆம் திகதி வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சட்டம், விசுவாசிகள் அனைவரும் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்குபற்ற வேண்டுமென்று கேட்டது. ஆனால் அதே சட்டம், பதிலுரை, பாட்டு, உடல் அசைவு ஆகியவற்றை எண்ணிச் சொல்லிவிட்டு, உரிய நேரத்தில் புனித மௌனத்தையும் சேர்த்துச் சொல்கின்றது. ஆகையால் வாய் மூடியிருப்பவர் எல்லோரும் பங்குபற்றாதவர் என்று கணக்கிடுவது சங்கத்தின் கருத்தன்று. ஆழ்ந்து செபிப்பவரும் மௌனமாகத்தான் இருக்கிறார். மனம் புண்பட்டவரும் மௌனமாகத்தான் இருக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

நம் நாட்டில், அதிலும் வடக்குக் கிழக்கில், இந்த மௌனத்துக்கு வேர்கள் பல உண்டு. எழுத்து வாசிப்புக் குறைவால் வரும் கூச்சம் ஒன்று, அது இலேசானது. போர்க்காலத்தில் வாய் திறந்தவர் படும் துன்பத்தைக் கண்டு, பேசாதிருப்பதே பிள்ளைகளைக் காக்கும் வழி என்று பழகிக்கொண்டவர்கள் உண்டு. 2009இல் போர் முடிந்தது. அந்தப் பழக்கம் அந்த வருடத்தோடு முடியவில்லை. கணவனையோ மகனையோ இழந்தவர், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர், ‘ஆண்டவர் என் மன்றாட்டைக் கேட்டார்’ என்று பக்கத்து வீட்டார் சாட்சி சொல்லும்போது என்ன சொல்வார்? அவரைச் சாட்சி சொல்லும்படி நெருக்குவது கொடுமை.

இன்னொரு வேரும் உண்டு. அதைப் பற்றி ஆலய முற்றத்தில் பேச நாம் விரும்புவதில்லை. சாதியின் பேரால் சிலர் தலைமுறை தலைமுறையாகப் பின்னால் இருத்தப்பட்ட வரலாறு நம் ஊர்களுக்கு உண்டு. இன்று கதிரைகள் கலந்து போடப்பட்டிருக்கலாம். ஆனால் யார் முதலில் பேசுவது, யாருடைய சொல்லைக் குறிப்பேட்டில் எழுதுவது என்பதில் பழைய வரிசை இன்னும் மறையவில்லை. பொன் மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்ல ஆசனமும் கந்தைத் துணியோடு வரும் ஏழைக்குத் தரையும் கொடுப்பவர்களை யாகப்பர் தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடிந்து கொள்கிறார். அவர் கண்டிப்பது கோயிலுக்குப் புறம்பே நடந்த காரியத்தை அன்று. செபக்கூட்டத்தில் நடந்த காரியத்தை.

மௌனத்தைக் கவனியாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆதித்திருச்சபையே பாடம். அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். அன்றாட உணவுப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய யூதரின் விதவைகள் விடுபட்டுப் போனார்கள். அப்போஸ்தலர்கள் வேண்டுமென்று செய்ததாக அங்கே சொல்லப்படவில்லை, கவனிக்கவில்லை, அவ்வளவே. அந்த விதவைகள் எழுந்து நின்று பேசியதாகவும் இல்லை. முதலில் எழுந்தது முறுமுறுப்புத்தான். அது காதில் விழுந்தபோது பன்னிருவரும் என்ன செய்தார்கள்? ‘விசுவாசிகள் முறுமுறுக்கலாமா?’ என்று பிரசங்கம் வைக்கவில்லை. சீடர் கூட்டம் முழுவதையும் அழைத்தார்கள். எழுவரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை அந்தக் கூட்டத்திடமே விட்டார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட முடியப்பர், பிலிப்பு முதலிய எழுவரின் பெயர்களையும் பாருங்கள்: ஏழும் கிரேக்கப் பெயர்கள்! குறைப்பட்ட பக்கத்தாரின் கையிலேயே பந்தி ஒப்படைக்கப்பட்டது என்று கொள்ள இடமுண்டு. கேட்டார்கள், கேட்டபின் பொறுப்பையும் கொடுத்தார்கள். நம் கூட்டங்களில் கேட்பதோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். சொல்லியும் ஒன்றும் நடவாது என்று ஒரு தடவை கண்டவர் மறு தடவை ஏன் வாய் திறக்கப் போகிறார்?

இனி, எப்படிச் செய்வது என்பதற்கு வருவோம். இதற்குத் தென்னாபிரிக்காவிலிருந்து ஒரு நல்ல வழி நமக்கு வந்திருக்கின்றது. அங்குள்ள லும்கோ என்னும் மேய்ப்புப்பணி நிறுவனத்தில் பணியாற்றிய பிரிட்ஸ் லோபிங்கர், ஒஸ்வல்ட் ஹிர்மர் என்னும் இரு குருக்கள், எளிய மக்கள் குருவானவர் இல்லாமலே கூடி நற்செய்தியைப் பகிர்ந்துகொள்ளும் முறைகளை வகுத்துப் பரப்பினார்கள். ‘ஏழு படிகள்’ என்று அழைக்கப்படும் முறை அவற்றுள் பெயர்பெற்றது. ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு 1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடி, திருச்சபை சிறு சமூகங்களின் ஒன்றிப்பாகவும் எல்லோரும் பங்குபெறும் திருச்சபையாகவும் விளங்க வேண்டுமென்று முடிவு கண்டபின், இம்முறை ஆசிய நாடுகளில் இன்னும் பரவியது. உங்களில் பலர் இதை அறிவீர்கள். ஆனால் பெரும்பாலான இடங்களில் மூன்றாம் படியை விழுங்கிவிட்டு ஐந்தாம் படிக்குத் தாவுகிறோம் என்பது என் மனக்குறை.

அந்த மூன்றாம் படிதான் மௌனமாக இருப்பவருக்கென்றே கட்டப்பட்ட வாசல். முதற் படியில் ஆண்டவரை அழைக்கிறோம். இரண்டாவதில் வேதப்பகுதியை வாசிக்கிறோம். மூன்றாவதில் ஒவ்வொருவரும் தம் மனத்தைத் தொட்ட ஒரு சொல்லையோ சிறு தொடரையோ அப்பகுதியிலிருந்து எடுத்து, செப உணர்வோடு உரக்கச் சொல்கிறார். இரண்டு மூன்று தடவை சொல்லலாம். அவ்வளவுதான். விளக்கம் இல்லை, கருத்து இல்லை, காரணம் இல்லை. ‘எனக்கு என்ன தெரியும்?’ என்பவருக்கும் இதில் தடையில்லை. ஏனெனில் அவர் சொல்வது வேதத்தின் சொல். அதிலே பிழை பிடிக்க எந்த ஆசிரியராலும் முடியாது. எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் காதால் கேட்டதைச் சொல்லலாம். பிறகு அப்பகுதி மீண்டும் வாசிக்கப்படும்.

ஒரு மனிதர் கூட்டத்தில் தம் குரலைத் தாமே ஒரு முறை கேட்டுவிட்டால், இரண்டாம் முறை பேசுவது அவ்வளவு பாரமாக இராது. நான்காம் படி சில நிமிட மௌனம். இங்கே எல்லோரும் மௌனம். ஆசிரியரும் செயலாளரும் உட்பட. பேசுவோரும் பேசாதோரும் ஒரே நிலையில் இருக்கும் நேரம் அது ஒன்றுதான். ஐந்தாம் படியில் மனத்தைத் தொட்டதைப் பகிர்கிறோம். விவாதமும் பிரசங்கமும் இங்கே விலக்கு. ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தக் கூடாது. குசினி வாசல் அம்மா சொன்னதற்கு, ‘அதன் உண்மையான கருத்து என்னவென்றால்...’ என்று ஒருவர் தொடங்கினால் அன்றோடு காரியம் கெட்டது. ஆறாம் படியில் ஒரு செயலை முடிவு செய்து, யார், எப்போது செய்வது என்று பகிர்ந்துகொள்கிறோம், ஏழாவது செபம்.

ஆறாம் படியைப் பற்றி ஒரு சொல். பேசக் கூசுபவர்களுக்கு இங்கேதான் மிகுந்த வலிமை உண்டு. வட்டாரத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்பது செயலாளரின் குறிப்பேட்டில் இராது. அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கிணற்றடியிலும் சந்தையிலும் கேட்டது அது. கூட்டத்தில் கேட்டால் சொல்லமாட்டார். வரும் வழியில், ‘அக்கா, அந்தப் பக்கத்துச் சனம் எப்படி இருக்கினம்?’ என்று கேட்டால் சொல்லுவார். அவர் சொன்னதை அவருடைய அனுமதியோடு கூட்டத்தில் வையுங்கள். நாக்குத் திக்குகிறது என்று மோயீசன் பின்வாங்கியபோது ஆண்டவர் கோபித்தார்தான். ஆனாலும் அவரை விட்டுவிடாமல், அவருக்குப் பதிலாகப் பேச ஆரோனைத் துணை கொடுத்தார் அல்லவா? ஒருவர் ஒருவருக்கு ஆரோனாக இருக்கலாம்.

கேள்வி கேட்டபின் பொறுத்திருப்பதும் ஒரு கலை. மேரி பட் றோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைகளை ஆராய்ந்து 1970களில் எழுதியவை மறை ஆசிரியர்களுக்கும் மிகவும் உதவும். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நேரம் சராசரியாக ஏறக்குறைய 1 விநாடிதான்! அதை 3 விநாடியாக்கியபோது பதில்கள் நீண்டன. கேளாமலே பேசும் பிள்ளைகள் கூடினர். வழமையாகப் பேசாத பிள்ளைகளும் பேசினர். மூன்று விநாடி என்பது ‘பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே’ என்று ஆறுதலாகச் சொல்லி முடிக்கும் நேரம். அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் தலைவர்மார் தங்கள் கேள்விக்குத் தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். வளர்ந்தவர்களுக்கு, அதிலும் வாழ்வில் அடிபட்டவர்களுக்கு, மூன்று விநாடியும் போதாது, பத்து எண்ணுங்கள்.

இது புதிதாய் வந்த சனநாயக நாகரிகம் என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய புனித ஆசீர்வாதப்பர், தம் ஒழுங்கு நூலின் ஆறாம் அதிகாரத்தில் மௌனத்தை வலியுறுத்தியவர். அவரே மூன்றாம் அதிகாரத்தில், மடத்தில் முக்கிய காரியம் எதுவானாலும் மடாதிபதி எல்லோரையும் அழைத்து ஆலோசனை கேட்க வேண்டும் என்கிறார். காரணம், இளையவனுக்கே ஆண்டவர் பல தடவை நல்லதை வெளிப்படுத்துகிறார் என்பதாம். பிரான்சிஸ் பாப்பரசர் கூட்டிய ஆயர் மாமன்றத்திலும் இதுவே நடந்தது. 2023 அக்டோபரில் உரோமையில் கர்தினால்மாரும் ஆயர்களும் குருக்களும் துறவிகளும் பொதுநிலை ஆண்களும் பெண்களும் வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்தார்கள். முறை வைத்து ஒவ்வொருவராகப் பேசினார்கள், நடுவில் மௌனம், பின்னர், தம் கருத்தை அன்று, பிறர் சொன்னதில் தம் மனத்தைத் தொட்டதைச் சொன்னார்கள். கர்தினால்மாருக்கு ஆகுமென்றால் நம் விறாந்தைக்கும் ஆகும்.

இந்த வாரக் கூட்டத்துக்கு மாற்கு நற்செய்தி பத்தாம் அதிகாரம், 46 முதல் 52 வரையுள்ள வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். யெரிக்கோ வழியோரத்தில் குருடன் பர்த்திமேயு கூப்பிடுகிறான். பேசாதிருக்கும்படி அவனைப் பலர் அதட்டுகிறார்கள். இயேசு நின்றார். அவர் தாமே நேராக அவனைக் கூப்பிட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அவனைக் கூப்பிடும்படி அங்கிருந்தவர்களிடமே சொன்னார். அதட்டிய வாய்களே அவனைத் தைரியப்படுத்தி அழைக்க வேண்டியதாயிற்று. அவன் வந்தபின்னும், குருடனுக்கு வேண்டியது என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருக்க, அவன் தன் வாயால் சொல்லும்வரை ஆண்டவர் கேட்டுக் காத்திருந்தார்.

இப்பகுதியை இரண்டு தடவை ஆறுதலாக வாசியுங்கள். பின்பு குசினி வாசல் பக்கமிருந்து தொடங்கி, ஒவ்வொருவரும் ஒரு சொல் மட்டும் சொல்லட்டும். சொல்ல விரும்பாதவர் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துத் தலையசைத்தால் போதும். ஏன் என்று கேட்க வேண்டாம். கடைசியாக ஆசிரியரும் செயலாளரும் தலைவரும் தங்கள் சொல்லைச் சொல்லட்டும். வராமல் விட்ட அந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு முன் இருவர் போய் வாருங்கள். கூட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம், சும்மா இருந்து கேட்டுவிட்டு வாருங்கள்.