அரசு வக்கீல் யாருக்கு வக்கீல்?

காட்டூர்

அன்புள்ள பாப்பாவுக்கு மாமா எழுதுவது.

"சம்பளம் கொடுக்கிறது கவர்மென்ட்தானே மாமா, கவர்மென்ட் ஆளையே எதிர்த்து அரசு வக்கீல் எப்படிப் பேசுவார்?" என்று போனில் கேட்டாய். சட்டம் படிக்கப் போன முதல் மாதத்திலேயே கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாய்.

நம் ஏரியில் பாடு பிரிப்பது உனக்குத் தெரியும். யார் எங்கே வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். இறால் படுகிற இடம் அடுத்தவனுக்கு விழுந்தாலும் யாரும் சண்டைக்குப் போவதில்லை. குலுக்கிய கையை ஊரே பார்த்திருக்கிறது. சீட்டுக்குக் காத்திருப்பவனே குலுக்கினால் யார் ஒப்புவார்கள்?

நம் மாநிலத்தில் ஒரு வழக்கு அந்த நிலைக்கு வந்தது. ஜெயலலிதா 1991 முதல் 1996 வரை முதல்வராக இருந்தபோது வருமானத்துக்கு மீறி 66 கோடி ரூபாய்க்கு மேல் சொத்து சேர்த்தார் என்று லஞ்ச ஒழிப்புத் துறை 1997-ல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2001-ல் அவர் மறுபடி ஆட்சிக்கு வந்தார். விசாரித்த துறையும் வழக்கு நடத்தும் வக்கீலும் அவர் ஆட்சியின் கீழேயே வந்தார்கள். முன்பே சாட்சி சொன்ன 76 பேரைத் திரும்பக் கூண்டில் ஏற்றினார்கள். 64 பேர் பேச்சை மாற்றினார்கள். அரசு வக்கீல் ஆட்சேபிக்கவும் இல்லை, பிறழ்ந்தவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்கவும் இல்லை.

தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். எதிர்க்கட்சிக்காரர் போட்ட மனு என்று கோர்ட் தள்ளிவிடவில்லை. ஆட்சியைக் கண்காணிப்பது எதிர்க்கட்சியின் வேலைதான் என்றது. 18 நவம்பர் 2003 அன்று வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது. அரசு வக்கீலைக் கர்நாடக அரசு, அங்குள்ள தலைமை நீதிபதியைக் கலந்து நியமிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. குலுக்கும் கை மாறியது.

ஆனால் அதற்குக் கொடுத்த விலையைப் பார். 2014-ல் தண்டனை, 2015-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. 14 பிப்ரவரி 2017-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தபோது முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெயலலிதா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவருடன் குற்றம் சாட்டப்பட்ட மற்ற மூவர்தான் சிறைக்குப் போனார்கள்.

ஒவ்வொரு வழக்கையும் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அரசு வக்கீல்களுக்கென்று தனி இயக்குநரகம் வைக்க 2005-ல் சட்டம் வழி செய்தது. ஆனால் போலீசைப் போல அதுவும் உள்துறையின் நிர்வாகத்தில்தான் இருக்கிறது. 2023-ல் வந்த புதிய சட்டமும் அதை மாற்றவில்லை. இன்றைக்கு ஆளும் கட்சிக்கு வசதியாக இருக்கும் இந்த ஏற்பாடுதான் நாளைக்கு அடுத்த கட்சிக்கும்.

லீவுக்கு வரும்போது பொன்னேரி கோர்ட்டில் பின் பெஞ்சில் போய் உட்கார். வாதத்தை விடு. சாட்சி பேச்சை மாற்றும் நேரத்தில் அரசு வக்கீல் எழுந்திருக்கிறாரா என்று மட்டும் பார். நீ கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது.

அன்புடன்,
மாமா