தளபதி பால்மரை ஏன் பலருக்குப் பிடிக்கவில்லை? – ஓர் ஆய்வு



முன்னுரை

வீடியோ கேம் என்றாலே நேரத்தை வீணாக்குவது என்று வீட்டில் திட்டுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் கேம்களிலும் இப்போது கதை இருக்கிறது. கதை என்றால் அதில் நல்லவர், கெட்டவர், நடுவில் நிற்பவர் எல்லாரும் இருப்பார்கள். எங்கள் பெரியம்மா மகன் அண்ணன் கல்லூரியில் படிக்கிறார். லீவுக்கு வரும்போது லேப்டாப்பில் ஹேலோ என்ற கேமை ஆடுவார். அதில் சாரா பால்மர் என்று ஒரு பெண் தளபதி வருகிறார். அவர் வாயைத் திறந்தாலே அண்ணனும் அவர் நண்பர்களும் "ஐயோ, ஆரம்பிச்சிட்டா" என்பார்கள். இவர்கள் மட்டும் இல்லை, உலகம் முழுக்க ஹேலோ ரசிகர்களில் நிறைய பேருக்கு இந்தத் தளபதியைப் பிடிக்காது. சிலருக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே ஆள்மேல் ஏன் இப்படி இரண்டு கருத்து? இதைத்தான் ஆராயப் போகிறேன்.

ஹேலோ என்றால் என்ன?

முதல் ஹேலோ 2001 நவம்பர் மாதம் வந்தது. பங்கி என்ற நிறுவனம் உருவாக்கி, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பெட்டியில் ஆடும்படி வெளியிட்டார்கள். இரண்டாம் பாகம் 2004, மூன்றாம் பாகம் 2007. பிறகு பங்கி விலகிக்கொண்டது. 343 இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் பொறுப்பேற்று, 2012 நவம்பரில் ஹேலோ 4 வெளியிட்டது. 2024-இல் அந்த நிறுவனத்தின் பெயர் ஹேலோ ஸ்டுடியோஸ் என்று மாறிவிட்டது.

கதை 26-ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. மனிதர்களுக்கும் வேற்றுக்கிரகத்தாருக்கும் போர். நாயகன் பெயர் மாஸ்டர் சீஃப். கவசத்தோடு நின்றால் ஏறத்தாழ 7 அடி. அதிகம் பேச மாட்டார். முகத்தையும் காட்ட மாட்டார்.

இவர் எப்படி வீரர் ஆனார் என்பது சோகமான கதை. 2517-ஆம் ஆண்டில் டாக்டர் காத்ரின் ஹால்சி என்ற விஞ்ஞானியின் திட்டப்படி 75 குழந்தைகளைக் கடத்திவிடுகிறார்கள். எல்லாருக்கும் சுமார் 6 வயது. பெற்றோருக்குத் தெரியாமல் இருக்க, அதே முகமுள்ள நகல் குழந்தைகளை வீட்டில் விட்டுவிடுவார்கள். அந்த நகல்கள் கொஞ்ச நாளில் நோய் வந்து இறந்துவிடும். பெற்றோர் தன் பிள்ளைதான் செத்துப்போச்சு என்று அழுவார்கள். கடத்திய பிள்ளைகளுக்கு 14 வயதில் எலும்பையும் தசையையும் மாற்றும் அறுவை சிகிச்சை. 75 பேரில் 30 பேர் இறந்தார்கள். 12 பேர் ஊனமானார்கள். தேறியது 33 பேர்தான். 14 வயசு என்றால் நம்ம வகுப்பு. நம்ம வகுப்பிலேயே பாதிப் பெஞ்சு காலியானால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பால்மர் யார்?

ஹேலோ 4-இல் ஸ்பார்ட்டன் 4 என்ற புதிய தலைமுறை வீரர்கள் வருகிறார்கள். இவர்கள் கடத்தப்பட்டவர்கள் இல்லை. வயது வந்தபின் விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள். சாரா பால்மர் முதலில் சாதாரணப் போர்வீராங்கனை. விண்கலத்திலிருந்து ஆளுக்கொரு கூண்டில் தரையை நோக்கிக் குதிக்கும் படையில் இருந்தவர். ரொம்ப ஆபத்தான வேலை. அதிலிருந்து உயர்ந்து, இன்ஃபினிட்டி என்ற சுமார் 5.7 கிலோமீட்டர் நீளமுள்ள கப்பலில் எல்லா ஸ்பார்ட்டன்களுக்கும் தளபதி ஆகிறார். சும்மா கிடைத்த பதவி இல்லை, உழைத்து வந்தது.

ரசிகர்கள் சொல்லும் காரணங்கள்

1. முதல் சந்திப்பு. மாஸ்டர் சீஃபை முதன்முதலாகப் பார்க்கும்போது பால்மர், இன்னும் உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன் என்கிற மாதிரி கிண்டலாகச் சொல்கிறார். அவருக்கு அது விளையாட்டுப் பேச்சு. ஆனால் 11 வருஷமாக சீஃபாகவே ஆடிய ரசிகர்களுக்கு, பெரியவரைப் பார்த்து எழுந்து நிற்காத மாதிரி தோன்றியது.

2. விஞ்ஞானிகளை இளக்காரமாகப் பேசுவது. ஹேலோ 4 உடன் ஸ்பார்ட்டன் ஆப்ஸ் என்ற பகுதி வந்தது. 10 அத்தியாயம், அத்தியாயத்துக்கு 5 வேலை, மொத்தம் 50. அதில் பால்மர் விஞ்ஞானிகளை 'முட்டைத் தலை' என்று அர்த்தம் வரும் சொல்லால் கூப்பிடுகிறார். அவர்களைக் காப்பாற்றப் போகும் வேலையிலும் சலித்துக்கொள்கிறார். படித்தவர்களை மட்டம் தட்டும் தலைவரை யாருக்குப் பிடிக்கும்?

3. ஓயாத ஆணை. அந்த 50 வேலைகளில் நிறைய இடம் ஒன்றுபோலவே இருக்கும். போன இடத்துக்கே திரும்பப் போ, எதிரிகளைச் சுடு, பொத்தானை அமுக்கு. இதையெல்லாம் வானொலியில் சொல்லிக்கொண்டே இருக்கும் குரல் பால்மருடையது. வேலை சலிப்பு தட்டினால் வேலை சொல்பவர்மேல்தானே கோபம் வரும். இது கேம் செய்தவர்களின் குறை. பழி பால்மர் தலையில் விழுந்தது என்பது என் கருத்து.

4. ஹால்சியைச் சுட்டது. இதுதான் பெரிய காரணம், தனியாகப் பார்ப்போம்.

துப்பாக்கிச் சூடு – யார் பக்கம் நியாயம்?

ஸ்பார்ட்டன் ஆப்ஸ் கதையில் ஹால்சி கைதியாக இன்ஃபினிட்டிக்குக் கொண்டுவரப்படுகிறார். அவரை எதிரித் தலைவன் ஜூல் மடாமா பிடித்துக்கொண்டு போகிறான். அவர் மூளையில் உள்ள அறிவு எதிரிக்குக் கிடைத்தால் ஆபத்து. அதனால் உளவுத்துறைத் தலைவி ஆஸ்மன், ஹால்சியைக் கொன்றுவிடும்படி ஆணையிடுகிறார். கப்பல் தலைவர் லாஸ்கிக்கு மனம் வரவில்லை. அவர் உயிரோடு மீட்க ஒரு குழுவை அனுப்புகிறார். பால்மரோ கொல்ல நானே போகிறேன் என்று கிளம்பிவிடுகிறார். சுடுகிறார், குண்டு தோளருகே படுகிறது. ஹால்சியின் இடது கை போய்விடுகிறது. உயிர் தப்பிய ஹால்சி மனிதர்கள்மேலேயே பழிவாங்கத் துடிக்கிறார். எந்த ஆபத்தைத் தடுக்கப் போனாரோ, அந்த ஆபத்தைப் பால்மர் தானே உண்டாக்கியது போல ஆயிற்று.

ரசிகர்கள் கேட்பது: ஆயுதம் இல்லாத வயதான பெண்ணைச் சுடுவது வீரமா?

நான் திருப்பிக் கேட்பது: 75 குழந்தைகளை வீட்டிலிருந்து பிடுங்கிய ஹால்சி மட்டும் நல்லவரா? சீஃபை உருவாக்கியவர் என்பதால் ரசிகர்களுக்கு ஹால்சி அம்மா மாதிரி. ஆனால் இறந்துபோன 30 பிள்ளைகளின் உண்மையான அம்மாக்கள் கதையில் பேசுவதே இல்லை. அந்தக் கொடுமைக்கு ஹால்சிமேல் கோபப்படும் பால்மர் அந்த விஷயத்தில் சரி. பதில் தேடிய விதம்தான் தப்பு. குற்றம் செய்தவரை விசாரிக்க வேண்டும், எல்லார் முன்னாலும் கேட்க வேண்டும். சுட்டுவிட்டால் உண்மையும் சேர்ந்து செத்துவிடும். ஆணை வந்தது உண்மைதான். அதே ஆணை லாஸ்கிக்கும் வந்தது, அவர் யோசித்தாரே! ஆணைக்கும் செயலுக்கும் நடுவில் யோசிக்க ஒரு இடம் இருக்கிறது. அங்கேதான் லாஸ்கி நின்றார், பால்மர் நிற்கவில்லை.

சோதித்துப் பார்த்தல்

அறிவியல் பாடத்தில் ஒரு விஷயம் சொல்லித் தந்திருக்கிறார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதை அப்படியே வைக்க வேண்டும். அதே முறையில் சில பாத்திரங்களை ஒப்பிட்டேன்.

சோதனை 1: குரல் காரணமா? பால்மருக்குக் குரல் கொடுத்தவர் ஜெனிஃபர் ஹேல். இவரேதான் மாஸ் எஃபெக்ட் (முதல் பாகம் 2007) கேமில் பெண் தளபதி ஷெப்பர்டுக்கும் குரல் கொடுத்தவர். ஷெப்பர்டை ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆகவே குரல் காரணம் இல்லை. வித்தியாசம் என்ன? ஷெப்பர்ட் என்ன பேச வேண்டும் என்பதை ஆடுபவரே தேர்ந்தெடுக்கலாம். அங்கே தளபதி நாம்தான். பால்மர் பேசும்போது நாம் கேட்டுக்கொள்ள மட்டும்தான் முடியும்.

சோதனை 2: கடுமையான பேச்சு காரணமா? பழைய பாகங்களில் சார்ஜென்ட் ஜான்சன் என்று ஒருவர் வருவார். அவரும் கத்துவார், கிண்டல் செய்வார். ஆனால் எல்லாருக்கும் செல்லம். ஏனென்றால் அவர் நம் பக்கத்திலேயே நின்று சண்டை போடுகிறார், நமக்கு முன்னால் குண்டுக்கு நிற்கிறார். பால்மரோ பெரும்பாலும் கப்பலில் இருந்து குரலாக மட்டும் வருகிறார்.

சோதனை 3: பெண் என்பது காரணமா? இதை நான் ரொம்ப யோசித்தேன். இரண்டாம், மூன்றாம் பாகங்களில் தளபதி மிராண்டா கீஸ் வருகிறார். அவரும் பெண்தான், இந்த அளவுக்கு வெறுப்பு வரவில்லை. ஹேலோ 4-இலேயே கப்பல் தலைவர் டெல் ரியோ என்ற ஆண் இருக்கிறார். சீஃபை மதிக்காமல் பேசியதால் அவரையும் பிடிக்காது. ஆகவே பெண் என்பது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் கவனித்தேன். டெல் ரியோவைத் திட்டும்போது அவர் செய்ததைச் சொல்லித் திட்டுகிறார்கள். பால்மரைத் திட்டும்போது எங்கள் வீட்டில் கேட்டது "திமிரு புடிச்சவ", "ஓவரா பேசுறா". பையன் அதட்டினால் கெத்து, பொண்ணு அதட்டினால் திமிரா? செய்ததைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பொண்ணு பேசுவதையே குறையாகச் சொன்னால் அது ஆய்வு இல்லை.

சோதனை 4: டெல் ரியோவும் பால்மரும். இருவரும் சீஃபிடம் மரியாதைக் குறைவாகப் பேசியவர்கள். ஆனால் டெல் ரியோ தப்பு என்று கதையே சொல்லிவிடுகிறது. அவர் பதவி போய் லாஸ்கி தலைவர் ஆகிறார். பால்மர் விஷயத்தில் கதை, இவர் வீரமானவர், நீங்கள் ரசிக்க வேண்டியவர் என்கிறது. ரசிக்கும்படி ஒன்றும் சரியாகக் காட்டவில்லை. 'நல்லா இருக்கு சாப்பிடு' என்று சொல்லிக்கொண்டே உப்பில்லாத குழம்பை ஊற்றின மாதிரி! நான்கு சோதனைகளிலும் எனக்கு இதுதான் முக்கியமான விடையாகத் தெரிகிறது.

மறுபக்கம்

பால்மரைப் பிடித்தவர்களும் காரணம் வைத்திருக்கிறார்கள். சீஃபைக் கைது செய் என்று டெல் ரியோ கத்தியபோது அந்த இடத்தில் இருந்த பால்மர் கையைக்கூட அசைக்கவில்லை. கிண்டல் செய்தாலும் உள்ளுக்குள் மதிப்பு இருந்தது என்று அதிலிருந்து தெரிகிறது. 2013-இல் வந்த இனிஷியேஷன் என்ற படக்கதையில் அவர் எப்படி ஸ்பார்ட்டன் ஆனார் என்று காட்டுகிறார்கள். 2015-இல் வந்த ஹேலோ 5-இல் சங்ஹீலியோஸ் என்ற கிரகத்தில், பழைய எதிரி இனத்தாருடன் தோழமையாக நின்று உதவுகிறார். ஆனால் படக்கதையைப் படிக்காமல் கேம் மட்டும் ஆடுகிறவர்களே அதிகம். அவர்களுக்கு முதலில் கேட்ட கிண்டல்தான் நினைவில் நின்றுவிட்டது.

முடிவுரை

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். பால்மர் பாதி தன் வாயால் கெட்டார். மீதி, கதை எழுதியவர்களால் கெட்டார்.

நம்ம வகுப்புக்கும் இதில் பாடம் உண்டு. ஆசிரியர் இல்லாத நேரத்தில் வகுப்புத் தலைவர் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று பெயர் எழுதுவார். எழுதிக்கொண்டே இருப்பவரை யாருக்கும் பிடிக்காது. அதே தலைவர் இறங்கி வந்து கணக்கு புரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தால், பிறகு அவர் அதட்டினாலும் கேட்போம். தலைவர்கள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். நாமும் ஒருவரைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் முன், அவர் செய்த எதனால் பிடிக்கவில்லை என்று ஒரு வரி எழுதிப் பார்க்க வேண்டும். எழுத முடியவில்லை என்றால் தப்பு அவரிடம் இல்லை.

சிந்திக்க:
1. தலைவர் கொடுக்கும் ஆணை தப்பு என்று தோன்றினால் என்ன செய்ய வேண்டும்?
2. நன்மைக்காகச் செய்தேன் என்று சொல்லும் ஹால்சியை மன்னிக்கலாமா?
3. உங்களுக்குப் பிடிக்காத ஒரு கதைப் பாத்திரத்தை எடுத்து, மேலே சொன்ன மாதிரி சோதித்துப் பாருங்கள்.

விடைகளைத் தனித்தாளில் எழுதி, பெயர் போட்டு, இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டலாம். திட்டி எழுதினாலும் பரவாயில்லை, காரணத்தோடு எழுதுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி